மணக்கடவு வழியாக வரும் நாடு

சுதந்திர தினக் கூட்டத்துக்குச் சிறப்பு விருந்தினராக வருகிறவர் யாராக இருந்தாலும், பேச்சு பாதியைத் தாண்டியதும் கென்னடியை அழைத்துக்கொண்டு வந்துவிடுவார். "நாடு உனக்கு என்ன செய்யும் என்று கேட்காதே, நாட்டுக்கு நீ என்ன செய்ய முடியும் என்று கேள்." 1961 ஜனவரியில் அமெரிக்க அதிபராகப் பதவியேற்ற அன்று அவர் சொன்னது. எங்கள் ஊரில் இதைத் தமிழிலும் கேட்டாகிவிட்டது, மலையாளத்திலும் கேட்டாகிவிட்டது. நல்ல வாக்கியம்தான். வாஷிங்டனுக்குப் பொருந்தியிருக்கும். எங்கள் கொழிஞ்சாம்பாறைக்குப் பொருந்தாது. எங்கள் பக்கத்தில் வாயைத் திறந்து கேட்டவர்களுக்குத்தான் தண்ணீர் வந்திருக்கிறது, பள்ளிக்கூடம் வந்திருக்கிறது. இந்த நாட்டின்மேல் எனக்கு நன்றி உண்டு, நிறையவே உண்டு. ஆனால் அது அத்தனையும் கேட்டு வாங்கியதற்கான நன்றி.

நாங்கள் இருப்பது பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம். வடகரப்பதி, எருத்தேம்பதி, ஒழலப்பதி, வேலந்தாவளம் என்று தமிழ் பேசும் ஊர்கள் எல்லையை ஒட்டிக் கிடக்கின்றன. வீட்டில் தமிழ், வில்லேஜ் ஆபீஸில் மலையாளம், சந்தையில் எது முந்துகிறதோ அது. தேங்காய் விற்கப் பொள்ளாச்சி போகிறோம். நிலவரி கட்ட உள்ளூரில் இருக்கிறோம். கேரளம் என்றதும் கொட்டும் மழையை நினைப்பவர்கள் எங்கள் ஊருக்கு வந்தால் ஏமாந்துபோவார்கள். மேற்கே கொட்டுகிற மழை எங்களை எட்டுவதற்குள் ஓய்ந்துவிடும். மண் வறண்ட மண், தென்னையும் பனையும்தான் துணை.

என் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, சித்தூர் பக்கத்துக்காரர். வீடு மாறாமலேயே மூன்று அரசாங்கங்களுக்கு வரி கட்டியவர். சித்தூர் அன்று கொச்சி மகாராஜாவின் சமஸ்தானம். பக்கத்திலிருக்கும் பாலக்காடு நகரமோ பிரிட்டிஷ் ஆட்சியில், சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. ஆக 1947 ஆகஸ்ட் 15 அன்று பாலக்காட்டில் வெள்ளைக்காரர் கொடி இறங்கியது. சித்தூரில் மகாராஜா மகாராஜாவாகவே இருந்தார். தெற்கே திருவிதாங்கூரில் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் அந்த ஜூன் மாதம்தான் தங்கள் சமஸ்தானம் தனி நாடாக இருக்கும் என்று அறிவித்திருந்தார். ஜூலை 25 அன்று அவரை வெட்டினார்கள், உயிர் பிழைத்தார், அதற்கடுத்த நாட்களிலேயே திருவிதாங்கூர் இந்தியாவோடு சேரச் சம்மதித்தது. கொச்சியில் அந்த நாடகம் எதுவும் நடக்கவில்லை. 1949 ஜூலை 1 அன்று இரண்டு சமஸ்தானங்களையும் இணைத்துத் திருவிதாங்கூர்-கொச்சி ஆக்கினார்கள். 1956 நவம்பர் 1 அன்று கேரளம் பிறந்தது. அப்புச்சியைக் கேட்டால், "தாலுகா கச்சேரியில் தொங்கும் பலகையை மாற்றினார்கள், தாசில்தார் மாறவில்லை" என்பார். அவருடைய வரலாற்று அறிவு அவ்வளவுதான். ஆனாலும் தப்பு என்று சொல்லிவிட முடியாது.

அந்த நவம்பர் 1 தமிழ்நாட்டு எல்லை முழுவதையும் புரட்டிப் போட்ட நாள். கன்னியாகுமரி தமிழ்நாட்டுப் பக்கம் போனது. செங்கோட்டையின் பெரும்பகுதி போனது. தேவிகுளமும் பீர்மேடும் இங்கேயே நின்றன. வடக்கே திருத்தணி, 1960 ஏப்ரல் வரை காத்திருந்து ஆந்திரத்திலிருந்து வந்தது. ஊர் ஊராகப் போராட்டம், துப்பாக்கிச்சூடு, உயிர்ப்பலி எல்லாம் உண்டு. எந்தக் கோடு போட்டாலும் கோட்டுக்குத் தவறான பக்கத்தில் கொஞ்சம் பேர் நின்றுதான் ஆக வேண்டும். அந்தக் கொஞ்சம் பேர் நாங்கள்.

கோடு போட்டவர்களுக்கு இது தெரிந்திருந்தது என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு. மாநிலங்களைப் பிரித்த அதே நாளில் அரசியல் சட்டத்தின் ஏழாவது திருத்தமும் நடைமுறைக்கு வந்தது. அதில் 350ஏ என்று ஒரு பிரிவு. மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கப் பள்ளியில் தாய்மொழியிலேயே சொல்லித்தரப் போதிய வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்கிறது அது. 'முயல வேண்டும்' என்பது அரசாங்கத்துக்குப் பிடித்தமான சொல்தான். முயன்றோம், முடியவில்லை என்று சொல்லிக் கையை விரித்துவிடலாம். இருந்தும் எங்கள் பிள்ளைகள் தமிழ் வழியில் படிக்கிறார்கள். கேரள அரசு தமிழில் பாடநூல் அச்சிடுகிறது. பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வின் வினாத்தாள் தமிழிலும் வருகிறது. கணக்குப் புத்தகத்தில் 'ஆலப்புழையிலிருந்து புறப்பட்ட படகு' என்று நல்ல தமிழில் கேள்வி இருக்கும். ஆலப்புழையைப் பார்த்திராத எங்கள் பிள்ளை அந்தப் படகுக்கு வேகம் கண்டுபிடித்துக்கொண்டிருக்கும்.

இதுவும் தானாக ஓடிவிடுவதில்லை. எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றில் தமிழ் வழி வகுப்புக்குத் தமிழே தெரியாத ஆசிரியரைப் போட்டார்கள். அவர் நல்ல மனிதர். கரும்பலகையில் படம் வரைந்தே ஒரு பருவத்தை ஓட்டிவிட்டார். பெற்றோர்கள் பள்ளி வாசலில் உட்கார்ந்தோம். 350ஏ என்று அட்டையில் எழுதிப் பிடித்தோம். வந்த அதிகாரி, "அது என்ன விதி?" என்று எங்களையே கேட்டார். எங்களில் ஒருவர் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். ஆசிரியர் மாறுதலுக்கு அடுத்த பருவம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் மாறினார்.

தேசிய விழா நாட்களில் அந்தப் பள்ளியின் காலை வழிபாட்டை நான் தவறவிடுவதில்லை. உறுதிமொழி எடுக்கும்போது மைதானத்தின் ஒரு பாதி "இந்தியா எனது நாடு" என்று தமிழில் தொடங்கும், மறு பாதி மலையாளத்தில் தொடங்கும். நீளம் ஒன்றில்லை. ஒரு பக்கம் முடிந்த பிறகும் இன்னொரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். முடித்தவர்கள் நீட்டிய கையை இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். புதிதாக வந்த தலைமையாசிரியர் ஒருவர் இதைச் சீராக்கப் பார்த்தார், முடியவில்லை, விட்டுவிட்டார். விட்டது நல்லது. அந்த உறுதிமொழி முதலில் தெலுங்கில் எழுதப்பட்டது, 1962-இல். எழுதிய பைடிமர்ரி வெங்கட சுப்பா ராவ் விசாகப்பட்டினத்தில் கருவூல அதிகாரியாக இருந்தவர். பில் பாஸ் செய்துகொண்டிருந்த ஓர் அரசு ஊழியர் எழுதியதைத்தான் நாடு முழுக்கப் பிள்ளைகள் கை நீட்டிச் சொல்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

தண்ணீருக்கு வருகிறேன். எங்களுக்கு நாடு என்பது மணக்கடவு வழியாக வருவது.

ஆனைமலையின் மேற்குச் சரிவில் இறங்கிக் கேரளம் வழியாகக் கடலுக்குப் போகும் ஆறுகளை மலைக்குள்ளேயே தடுத்து, சுரங்கம் குடைந்து கிழக்கே திருப்பியதுதான் பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம். அதனால் கோவை, திருப்பூர் பக்கத்து மானாவாரிக் காடுகள் பாசன நிலமாயின. கொடுத்த கேரளத்துக்குப் பங்கு வேண்டும் அல்லவா? 1970 மே 29 அன்று இரு மாநிலங்களும் கையெழுத்திட்டன. 1958 நவம்பரிலிருந்தே அமலுக்கு வந்ததாகக் கணக்கு. அதன்படி ஆண்டுதோறும் மணக்கடவில் 7.25 டி.எம்.சி. தண்ணீர் கேரளத்துக்கு விட வேண்டும். ஒரு டி.எம்.சி. என்பது ஏறத்தாழ 2,830 கோடி லிட்டர். மணக்கடவு தமிழ்நாட்டில், எல்லைக்குச் சற்று முன்னால் இருக்கிறது. அங்கே அளந்த தண்ணீர் எல்லை தாண்டி மூலத்தரை வந்து, கால்வாய்களில் பிரிந்து, மிச்சம் சித்தூர்ப்புழையாக ஓடுகிறது. சித்தூரின் வயல்கள் அதை நம்பி இருக்கின்றன.

இந்த ஒப்பந்தத்தில் வேடிக்கைக்குக் குறைவில்லை. பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் அணைகள் கேரள மண்ணில் இருக்கின்றன. திறப்பதும் மூடுவதும் தமிழ்நாட்டு நீர்வளத் துறை. பரம்பிக்குளம் கேரளத்தின் புலிகள் காப்பகம். ஆனால் கேரளத்திலிருந்து காரில் போக வேண்டுமானால் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகச் சுற்றி, மறுபடியும் கேரளத்துக்குள் நுழைய வேண்டும். தன் வீட்டுக் கொல்லைக்குப் பக்கத்து வீட்டுக் கூடம் வழியாகப் போவது போல. 2022 செப்டம்பரில் ஒரு நள்ளிரவில் பரம்பிக்குளம் அணையின் நடு மதகு பெயர்ந்து தண்ணீர் வெள்ளமாகப் பாய்ந்தபோது, ஓடிவந்து பார்த்தவர்கள் தமிழ்நாட்டுப் பொறியாளர்கள்; கீழே சாலக்குடிப் புழைக்கரையில் இருந்தவர்களை எச்சரித்தது கேரள நிர்வாகம். வேறு இரண்டு நாடுகளாக இருந்திருந்தால் அந்த ராத்திரி தூதரகங்கள் அல்லவா விழித்திருக்கும்?

முப்பது ஆண்டுக்கு ஒருமுறை ஒப்பந்தத்தைச் சீராய்வு செய்ய வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. 1988-இல் செய்திருக்க வேண்டும். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கோடை வந்தால் சண்டையும் வந்துவிடும். தமிழ்நாடு குறைத்துவிட்டது என்று நாங்கள். மழை பெய்யாவிட்டால் எங்கிருந்து கொடுப்பது என்று அவர்கள். 'அவர்கள்' என்று எழுதுகிறேன். அவர்களில் முதல் ஆள் என் தாய்மாமன். ஆனைமலையில் பழைய ஆயக்கட்டுப் பாசனத்தில் வயல் வைத்திருக்கிறார். ஒரு கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டார்.

"மாப்பிள்ளை, எங்கள் நாற்று காய்கிறது. உங்கள் கேரளத்துக்காரன் ஒரு சொட்டு விடாமல் எண்ணி வாங்குகிறான்."

"மாமா, அந்தக் கேரளத்துக்காரனே நான்தான். போன மாதம் பாக்கி எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியுமா?"

"உனக்கு எதற்கப்பா நெல்? தென்னை வைத்துக்கொள்."

"உங்களுக்குத்தான் எதற்கு?"

பரிமாறுகிறவர் ரசத்தோடு நின்றுகொண்டிருந்தார். அத்தை வந்து, "தண்ணீருக்கு அடித்துக்கொள்கிற இரண்டு பேரும் முதலில் டம்ளரில் இருப்பதைக் குடியுங்கள்" என்றார். இரு மாநிலத் தமிழர்களும் சுத்தமான தமிழில் அடித்துக்கொள்வது இந்தப் பக்கத்தில் அன்றாடம் நடப்பது. மொழி ஒன்றாக இருந்தால் சண்டை வராது என்று நம்புகிறவர்கள் ஒரு மே மாதம் எங்கள் வீட்டுக்கு வரலாம்.

இந்தச் சண்டைதான் என் நாட்டுப்பற்றின் அடிப்படை என்றால் சிரிப்பீர்கள். இரண்டு தரப்பும் கத்துகின்றன, மறியல் செய்கின்றன, அமைச்சர்களுக்குக் கடிதம் எழுதுகின்றன. பிறகு கூட்டு நீர் ஒழுங்குமுறை வாரியம் கூடுகிறது, இரு பக்கப் பொறியாளர்களும் கணக்கைப் பார்த்து, எந்தப் பதினைந்து நாளில் எவ்வளவு என்று எழுதுகிறார்கள். தண்ணீர் குறையும், தாமதமாகும்; ஆனால் வரும். ஆற்றின் மேல் பக்கத்தில் இருப்பவன் கீழே இருப்பவனுக்கு ஏன் கொடுக்க வேண்டும்? அவன் பலத்துக்கு அடைத்து வைத்துவிடலாம். அடைக்க விடாமல் ஒரு காகிதம் தடுக்கிறது. அந்தக் காகிதத்துக்குப் பின்னால் இரண்டு மாநிலங்களையும் விடப் பெரிய ஒன்று நிற்கிறது. அந்தப் பெரிய ஒன்றைத்தான் நான் நாடு என்கிறேன். வரைபடத்தைப் பார்த்துக் கண் கலங்குவது எனக்கு வராது. மூலத்தரையில் ஷட்டர் தூக்கும் அன்று கால்வாய்க் கரையில் நின்றால் வேறு மாதிரி இருக்கும்: முதலில் சருகும் பிளாஸ்டிக் பாட்டிலும் நுரையும் ஒரு மேடாக உருண்டு வரும், அதன் பின்னால் செம்மண் தண்ணீர், அதற்கும் பின்னால் தெளிந்த தண்ணீர். நுரை போன பிறகுதான் மடையைத் திறப்போம்.

கேட்டும் கிடைக்காத கதையும் எங்கள் தாலுகாவிலேயே இருக்கிறது. பெருமாட்டிப் பஞ்சாயத்தில் பிளாச்சிமடை. 2000-இல் அங்கே உலகம் அறிந்த ஒரு குளிர்பான ஆலை வந்தது. ஒன்றிரண்டு ஆண்டுகளில் சுற்றியுள்ள கிணறுகளில் தண்ணீர் இறங்கியது, இருந்த தண்ணீர் சமைக்க உதவாமல் போனது. பருப்பு வேகவில்லை என்றார்கள் பெண்கள். ஆய்வுக்கூடம் சொல்வதற்கு முன்னால் உலை சொல்லிவிட்டது. 2002 ஏப்ரலில் ஆலை வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். முன்னால் நின்றவர் மயிலம்மா, எரவாளர் பழங்குடிப் பெண், பள்ளிக்கூடம் போகாதவர். 2003-இல் பஞ்சாயத்து ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. மயிலம்மா 2007-இல் இறந்துபோனார். 216 கோடி ரூபாய்க்கு மேல் சேதம் என்று அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010-இல் கணக்கிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அமைக்கக் கேரளச் சட்டமன்றம் 2011-இல் மசோதா நிறைவேற்றியது. அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. ஒரு பஞ்சாயத்து பெரிய கம்பெனியை நிறுத்த முடிகிற நாடும் இதுதான், அந்தப் பணத்தை இத்தனை ஆண்டாக வீடு சேர்க்காத நாடும் இதுதான். மேடையில் இதில் ஒன்றை மட்டும் பேசுகிறவரை நான் நம்புவதில்லை.

2018 ஆகஸ்ட் 15 எங்கள் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. காலையில் கொடியேற்றும்போது இங்கே காற்றும் தூறலும்தான். மேற்கே கேரளம் மூழ்கிக்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் கொச்சி விமான நிலையத்தை மூடினார்கள். மிட்டாய் கொடுத்து முடிப்பதற்குள் ஆலுவாவில் அண்ணன் வீட்டில் போன் எடுக்கவில்லை, செங்ஙன்னூரில் தங்கை வீட்டில் மாடிக்குப் போய்விட்டார்கள் என்று ஆளாளுக்குச் செய்தி. நானூறு பேருக்கு மேல் இறந்த வெள்ளம் அது. ஒன்றிரண்டு நாளில் பொள்ளாச்சி மார்க்கெட்டில் லாரிகள் நின்றன. பாய், போர்வை, அரிசி மூட்டை, தீப்பெட்டி, மெழுகுவத்தி, குழந்தைகளுக்குப் பால் பவுடர். கொப்பரைக் களத்தில் வேலை செய்த பீகார் இளைஞர்கள் கூலி பேசாமல் மூட்டை ஏற்றினார்கள். என் மாமாவும் வந்திருந்தார். "தண்ணீர் தண்ணீர் என்றாயே மாப்பிள்ளை, போதுமா?" என்று கேட்டுவிட்டு, தோப்பில் இறக்கி வைத்திருந்த காய் முழுவதையும் லாரியில் ஏற்றச் சொன்னார். கேரளத்துக்கா தேங்காய் அனுப்புவது என்று யாரோ சிரித்தார்கள். "அங்கே இப்போது மரம் ஏற முடியுமா?" என்றார் மாமா.

இரண்டே ஆண்டில் கொரோனா வந்து, அதே சாலையில் பாஸ் கேட்டார்கள். பொள்ளாச்சியில் இறந்த பெரியம்மாவின் சாவுக்கு அம்மாவால் போக முடியவில்லை. அவருக்கு அது மாநில எல்லை என்பதே அப்போதுதான் உறைத்தது. "இத்தனை காலம் இங்கே ஒரு வேலி இருந்ததா?" என்று கேட்டார். வேலி போடாமல் வைத்திருந்த ஏற்பாட்டின் அருமை போட்ட பிறகு தெரிகிறது. உலகத்தில் பாதி எல்லைகளில் என்றைக்கும் அப்படித்தான்.

கொடியைப் பற்றி ஒரு வார்த்தை. 2021 டிசம்பரில் கொடி விதிகளைத் திருத்தி, பாலியெஸ்டர் கொடிக்கும் இயந்திரத்தில் தயாரித்ததற்கும் அனுமதி கொடுத்தார்கள். மறு ஆண்டு வீடுதோறும் கொடி. எல்லோரும் ஏற்றட்டும், நல்லதுதான். ஆனால் ஆகஸ்ட் 20 வாக்கில் கால்வாயில் மிதந்து வரும் கொடிகளை மடை அடைக்காமல் எடுத்துவிடுவது யார்? போன ஆண்டு நான் எடுத்தேன். கதர்க் கொடி விலை அதிகம். அதனாலேயே அதை மடித்துப் பெட்டியில் வைத்தார்கள்.

எங்கள் தோப்பில் கள் இறக்குகிறவருக்கு ஆகஸ்ட் 15 விடுமுறை கிடையாது. பாளைக்குச் சுதந்திரம் தெரியாது. ஒரு வேளை சீவாமல் விட்டால் ஊறல் குறைந்துவிடும். நாளுக்கு மூன்று முறை ஏறுகிறார். சித்தூர்க் கள் வேனில் ஏறிக் கேரளத்தின் பல மாவட்டங்களுக்குப் போகிறது. எல்லைக்கு அப்பால் அதே மரத்தில் அதே பாளையைச் சீவிக் கள் இறக்கினால் வழக்கு. அவருடைய வீடு அப்பால், வேலை இப்பால். காலையில் சைக்கிளில் குற்றத்திலிருந்து தொழிலுக்கு வருகிறார்.

இந்த ஆண்டு விடுமுறை அன்று மதியம், எல்லோரும் வீட்டில் இருக்கிறார்களே என்று, இரண்டாம் போகத்துக்குத் தண்ணீர் விடும் தேதிகளை முன்கூட்டியே அறிவிக்கக் கோரும் மனுவில் கையெழுத்து வாங்க உட்கார்ந்தோம். தமிழில்தான் எழுதினேன். கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டம் மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் தமிழிலும் கன்னடத்திலும் அரசோடு எழுத்துப் போக்குவரத்து செய்ய இடம் தருகிறது. பதிலும் அந்த மொழியில் கேட்கலாம். பதில் மலையாளத்தில்தான் வரும், நாங்களும் சளைக்காமல் திருப்பிக் கேட்போம். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மனுவை முதலிலிருந்து கடைசி வரை படித்தார்.

"தம்பி, 'கருணை கூர்ந்து' என்று இரண்டு இடத்தில் இருக்கிறது."

"மரியாதைக்குப் போட்டேன் ஐயா."

"மேலே ஒன்று இருக்கட்டும். கீழே இருப்பதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒப்பந்தத் தேதியை எழுதுங்கள்."

எழுதினேன். கையெழுத்துப் போட்டார். அலுவலகம் திறந்த அன்று கொண்டுபோய்க் கொடுத்து, முத்திரை குத்திய நகலை வாங்கி வந்தோம். பதில் இன்னும் வரவில்லை.